ஸ்ட்ரோக் அறிகுறி: நர்ஸ் அக்காகிட்ட கேட்டதும் அவங்க சொன்னதும்

வணக்கம். இங்க சிங்கப்பூர்ல ஸ்ட்ரோக் (பக்கவாதம்) வார்டுல 22 வருஷம் நர்ஸா இருந்தேன். தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

உட்லண்ட்ஸ்லேருந்து ஒரு தங்கச்சி: அம்மாவுக்கு ஸ்ட்ரோக்குன்னு வீட்லயே எப்படி கண்டுபிடிக்கறது?

மூணு விஷயம் பாரும்மா. சிரிக்கச் சொல்லு, வாய் ஒரு பக்கம் இழுக்குதா. ரெண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லு, ஒரு கை தானா கீழ இறங்குதா. ஒரு வாக்கியம் பேசச் சொல்லு, குழறுதா, இல்ல சம்பந்தமில்லாம பேசறாங்களா. அவங்க தினம் பேசற தமிழ்லயே கேளு, "இன்னிக்கு என்ன சமைச்சீங்க" போதும். திடீர்னு தடுமாறி நடக்கறது, ஒரு கண்ணு மங்கறது, இதுவரைக்கும் வராத மாதிரி பயங்கர தலைவலி, இதுவும் சேர்த்திதான். இதுல ஒண்ணு இருந்தாலே 995க்கு, அதாவது இங்க அவசர ஆம்புலன்ஸ் நம்பருக்கு, கூப்பிடு, மூணும் வரட்டும்னு காத்திருக்காத.

அப்புறம் மணி. கடைசியா அவங்க நல்லா இருந்தத யார் பார்த்தா, எத்தன மணிக்கு, எழுதி வைங்க. மூளை ரத்தக்குழாய அடைக்கற ரத்தக்கட்டிய கரைக்கற ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அந்தக் கணக்கு நீங்க பார்த்த நேரத்துலேருந்து இல்ல, அவங்க கடைசியா நல்லா இருந்த நேரத்துலேருந்து ஆரம்பிக்குது. ஒரு பாட்டி காலைல தோசை ஊத்திட்டு இருந்தாங்க, கரண்டி கையிலேருந்து நழுவுது, எடுக்கறாங்க, திரும்ப நழுவுது. வீட்டு பணிப்பெண்தான் பார்த்துட்டு அடுப்ப அணைச்சு, காலண்டர்ல 7.20ன்னு பேனாவால எழுதிட்டு 995க்கு கூப்பிட்டா. மகன் ஆபீஸ்லேருந்து வந்து சேர்றதுக்குள்ள ஸ்கேன் முடிஞ்சு ஊசியும் போட்டாச்சு. உங்க வீட்ல வேலை செய்யற பொண்ணுக்கும் இத சொல்லிக் கொடுங்க, பகல் பூரா பெரியவங்க கூட இருக்கறது அவதான்.

ஒருத்தர்: உடனே ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

கூடாது. மூளைல அடைப்பா, ரத்தக் கசிவான்னு ஸ்கேன் எடுக்காம யாருக்கும் தெரியாது. கசிவா இருந்தா ஆஸ்பிரின் அத இன்னும் மோசமாக்கும்.

ஜூரோங் தம்பி: ஆம்புலன்ஸுக்கு எதுக்கு காத்திருக்கணும்? எங்கப்பாவ டாக்சில 12 நிமிஷத்துல கொண்டு போய்ட்டோம்.

அப்பா நல்லா இருக்காங்கன்னா சந்தோஷம்பா. ஆனா ஆம்புலன்ஸ்ல வர்றவங்க போற வழியிலயே ஆஸ்பத்திரிக்கு சொல்லிடுவாங்க, ஸ்ட்ரோக் டீம் தயாரா நிப்பாங்க. எந்த ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும்னும் அவங்களுக்குத் தெரியும். டாக்சில வந்தா நீங்க வாசல்ல இறங்கி, வீல்சேர் தேடி, என்ன ஆச்சுன்னு முதல்லேருந்து சொல்லணும்.

அதே தம்பி: ஆனா வேகமா போறதுதானே முக்கியம்?

வாசலுக்கு வேகமா போறது இல்லப்பா, ஸ்கேனுக்கு வேகமா போறது. நடுவழில வாந்தி எடுத்து மூச்சு அடைச்சா டாக்சி அண்ணன் என்ன பண்ணுவாரு?

டெக்காலேருந்து ஒருத்தர்: நான் தம்பி பக்கம்தான். காசும் கேப்பாங்களே?

அவசரம்னா 995 ஆம்புலன்ஸுக்கு காசு இல்லண்ணே. 1777தான் அவசரமில்லாததுக்கு, அது காசு. ஸ்ட்ரோக்குக்கு 1777க்கு கூப்பிட்டுடாதீங்க. ரொம்பப் பெரிய ரத்தக்குழாய்ல அடைப்புன்னா, தொடை வழியா ட்யூப் விட்டு கட்டிய இழுத்து எடுப்பாங்க, சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் கூட செய்யறாங்க. அதுக்காக நேரம் இருக்குன்னு உக்காந்துடாதீங்க, ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் மூளை செல் சாகுதுன்னு கணக்கு.

தம்பி: சரிக்கா, ஒத்துக்கறேன்.

நல்லது. வீட்ல எல்லாருக்கும் சொல்லுப்பா.

ஒரு அம்மா: விரல் நுனில ஊசி குத்தி ரத்தம் எடுத்தா சரியாகும்னு வாட்ஸ்அப்ல வருதே?

ஆகாதும்மா. ஊசி தேடற நேரத்துல மூளைக்கு ரத்தம் போகாம நிக்குது. அந்த மெசேஜ அழிச்சுடுங்க.

ஈசூன்லேருந்து ஒரு தம்பி: எனக்கு 38 வயசு. கை 10 நிமிஷம் மரத்துச்சு, பேச்சு குழறுச்சு, அப்புறம் சரியாயிடுச்சு. விட்டுடலாமா?

விடாதீங்க, இத படிச்ச உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. இதுக்கு மினி ஸ்ட்ரோக்னு பேரு, சரியாயிட்டாலும் அடுத்த ரெண்டு நாள்ல பெருசா வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். 38 வயசுக்கும் வரும்பா. திரும்ப வந்துச்சுன்னா நேரா 995.

ஒருத்தங்க: பிரஷர் 200 காட்டுது, பேச்சும் குழறுது, ஒரு மாத்திரை அதிகமா போடலாமா?

வேண்டாம். அடைப்பு இருக்கறப்ப பிரஷர திடீர்னு இறக்கினா மூளைக்கு போற ரத்தம் இன்னும் குறையும். 995. தண்ணி கூட கொடுக்காதீங்க, முழுங்க முடியாம நுரையீரலுக்குள்ள போயிடும்.

இன்னொருத்தர்: ஆஸ்பிரின்…

மேல சொல்லியாச்சு. கொடுக்காதீங்க.

ஒரு அண்ணன்: எந்த எண்ணெய் நல்லது?

அது என் துறை இல்லண்ணே, பாலிகிளினிக்ல டயட்டிஷியன்கிட்ட கேளுங்க. பிரஷர், சர்க்கரை, சிகரெட், இந்த மூணையும் முதல்ல கவனிங்க.

மூணாவது ஆள்: அரை ஆஸ்பிரினாவது?

அரையும் கூடாது, காலும் கூடாது. தயவு செஞ்சு மேல படிங்க.

புங்கோல்லேருந்து ஒரு அக்கா: தூங்கி எந்திரிக்கறப்பவே இப்படி இருந்தா?

அப்பவும் 995தான். படுக்கப் போன நேரம், நடுராத்திரி பாத்ரூம் போனப்ப நல்லா நடந்தாங்களா, எல்லாம் சொல்லுங்க. இப்படி வர்றவங்கள்ல சிலருக்கும் ஸ்கேன் பார்த்துட்டு வைத்தியம் செய்யறாங்க.

கடைசியா ஒரு தங்கச்சி: ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எத எடுத்து வைக்கணும்?

ஐசி (அடையாள அட்டை), போடற மாத்திரை எல்லாம் ஒரே பையில. ரத்தம் மெலியற மாத்திரை இருந்தா அத தனியா எடுத்துக் காட்டு, கட்டிய கரைக்கற ஊசி போடலாமா வேண்டாமான்னு அத வெச்சும் முடிவு பண்ணுவாங்க. கதவ திறந்து வை. அவங்க நல்லா இருந்தத கடைசியா பார்த்தது யாரோ, அவங்க ஃபோன் நம்பர பைக்குள்ள போடு, டாக்டர் அவங்ககிட்ட பேசணும்னு கேப்பாங்க.