விபத்து வழக்கின் நடுவில் வழக்கறிஞரை மாற்றினால் இழப்பீடு பாதிக்குமா?

பினாங்கில் நடந்த கார் விபத்தில் காயமடைந்து இரண்டு ஆண்டுகளாகியும் வழக்கறிஞரிடமிருந்து பதில் இல்லை, இப்போது வேறு ஒருவரிடம் போனால் இழப்பீடு கைநழுவிப் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றிக்கொள்ளலாம், மாற்றுகிறீர்கள் என்பதற்காக உங்கள் உரிமை குறையாது. ஆனால் அதற்கு முன்பாக, உங்கள் வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அதைக் கேட்கத் தெரியாமல் நாங்கள் பதினான்கு மாதங்களை இழந்தோம்.

ஜெலுத்தோங் விரைவுச்சாலையில் என் கணவர் ஓட்டிவந்த காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் மோதியதில் அவருடைய வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாளே முன்பின் அறியாத ஒருவர் வார்டுக்கு வந்து, மிகவும் அனுசரணையாகப் பேசி, வழக்கறிஞருக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில் கையொப்பம் வாங்கிச் சென்றார். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் கோணலாகப் போட்ட கையொப்பம் அது. அந்த வழக்கறிஞரை நாங்கள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "கேஸ் போய்க்கிட்டுத்தான் இருக்கு அக்கா, டாக்டர் ரிப்போர்ட் வரணும்" என்று அலுவலகப் பெண் சொல்வார். பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே மருத்துவமனைக்குச் சென்று விசாரித்தபோதுதான், அறிக்கை கேட்டு விண்ணப்பமே வரவில்லை என்று தெரிந்தது.

கால வரம்பு உங்களுக்காகக் காத்திருக்காது. தீபகற்ப மலேசியாவில், 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, காயத்திற்கான வழக்கை விபத்து நடந்த நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். விபத்தில் ஒருவர் இறந்து, அவரை நம்பியிருந்த குடும்பத்தினர் தொடுக்கும் வழக்கென்றால் 3 ஆண்டுகள்தான். மோதியது அரசாங்க வாகனமாக இருந்தால் 36 மாதங்களுக்குள் தொடுத்தாக வேண்டும். இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்ட உங்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

வழக்கு இன்னும் பதிவாகவில்லை என்றால், பழைய அதிகாரத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் கொடுத்து, புதியவருக்குக் கையொப்பமிட்டால் போதும். செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 64ஆம் ஆணைப்படி, வழக்கறிஞர் மாற்ற அறிவிப்பைப் புதியவர் தாக்கல் செய்து எதிர்த்தரப்புக்கும் அனுப்புவார். இதற்கு நீதிபதியின் அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த அறிவிப்பு தாக்கலாகும்வரை நீதிமன்றத்தின் பார்வையில் பழையவரே உங்கள் வழக்கறிஞர். காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டுத் தொகையைப் பெரும்பாலும் வழக்கறிஞர் நிறுவனத்தின் பெயரிலேயே அனுப்புவதால், இந்த மாற்றத்தை அதற்கும் எழுத்தில் தெரிவித்துவிடச் சொல்லுங்கள்.

உண்மையான இழுபறி கோப்பை வாங்குவதில்தான் இருக்கிறது. கட்டணம் பாக்கியிருந்தால் அதைச் செலுத்தும்வரை கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை பழைய வழக்கறிஞருக்கு உண்டு. அவர் கேட்கும் தொகை அநியாயமாகத் தோன்றினால், பில்லை நீதிமன்றம் சரிபார்த்துக் கணக்கிடும்படி விண்ணப்பிக்கலாம். இழப்பீடு வந்ததும் அதிலிருந்து கொடுப்பதாகப் புதிய வழக்கறிஞர் எழுத்தில் உறுதியளித்துக் கோப்பைப் பெற்றுக்கொள்வதும் உண்டு. எங்களுக்கு ஐந்து வாரம் பிடித்தது. வந்த பழுப்பு உறைக்குள் போலீஸ் புகாரின் நகலும், அடையாள அட்டையின் நகலும், அந்தக் கோணல் கையொப்பமிட்ட தாளும் மட்டுமே இருந்தன. விபத்து இடத்தின் வரைபடமோ, போலீஸ் விசாரணை முடிவோ கேட்டு வாங்கப்படவே இல்லை. அதைப் பார்த்து என் கணவர் வெகுநேரம் பேசவில்லை.

வேறொருவர் அதிகத் தொகை வாங்கித் தருவதாகச் சொன்னார் என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். காயத்திற்கான தொகையைக் கணிக்க, வழக்கறிஞர்களும் நீதிமன்றங்களும் புரட்டிப் பார்க்கும் இழப்பீட்டுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதோடு மருத்துவ அறிக்கையும் சம்பளச் சான்றுகளும்தான் தொகையைத் தீர்மானிக்கின்றன. ஜெயித்தால் மட்டும் இத்தனை சதவீதம் என்று பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்; அத்தகைய ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு தடை செய்கிறது. விசாரணைத் தேதி நெருங்கிவிட்டிருந்தால், புதியவர் கோப்பைப் படித்துத் தயாராக அவகாசம் கிடைக்குமா என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளையே உங்கள் பழைய வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வழக்கு எண் என்ன, எந்த நீதிமன்றம், எந்தெந்த அறிக்கைகள் கைக்கு வந்துள்ளன என்று கேட்டு, 14 நாள்களுக்குள் பதில் தரும்படி குறிப்பிடுங்கள். கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், அந்த நகலோடு புதிய வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். வழக்கறிஞர்கள் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்திடம் புகார் செய்ய நேர்ந்தாலும் அதே நகல்தான் உங்களுக்குச் சான்றாக இருக்கும்.