வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும்: பிள்ளை குழம்பிப்போகுமா?

கேள்வி: கோவையில் இருக்கிறோம், வீட்டில் தெலுங்கு. இரண்டாம் வகுப்பு மகளிடம் இனி ஆங்கிலத்திலேயே பேசச் சொல்கிறார் ஆசிரியை. செய்யலாமா?

வேண்டாம்ங்க. கோவை, பொள்ளாச்சி, சத்தியமங்கலம் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வெளியே தமிழில் புழங்குவது தலைமுறைகளாக நடப்பதுதான்.

புது மொழியில் சரளமாகப் பேச ஏறக்குறைய 2 ஆண்டு போதும்; பாடம் படித்து எழுதும் அளவுக்கு அது வர 5 முதல் 7 ஆண்டு பிடிக்கும் என்பது கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டியது. பேச்சைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ‘மூட்டைக்கு 40 தேங்காயாக 3 மூட்டை, 15 அழுகல், மீதி எத்தனை?’ என்று ஆங்கிலத்தில் படித்ததும் பிள்ளை கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டி 58 என்று எழுதும். அதே கேள்வியைத் தெலுங்கில் சொல்லிப் பாருங்கள். 105 என்று சரியாக வந்தால் சிக்கல் ஆங்கில வாசிப்பில். அப்போதும் வராவிட்டால் கணக்கில். இந்தச் சோதனைக்காகவே வீட்டு மொழி வலுவாக இருக்க வேண்டும்.

ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி கலந்தால் பயப்படாதீர்கள், அது குழப்பமல்ல. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதினால் மட்டும் கவனியுங்கள்; தெலுங்கில் ழகரம் இல்லை. தினம் பத்து நிமிடம் தமிழை வாய்விட்டு வாசிக்க வையுங்கள்.

அவ்வாவிடம் (பாட்டியிடம்) மனம்விட்டுப் பேச மொழி இல்லாத பிள்ளைக்கு ஊரும் உறவும் பாதி அந்நியமாகிவிடும். அந்த இழப்பை எந்த மதிப்பெண்ணும் ஈடுகட்டாது. ஆசிரியையிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.