வெனிலா எசென்ஸா, எக்ஸ்ட்ராக்டா?

கேள்வி: கேக், பிஸ்கட் எல்லாம் வீட்டிலேயே செய்கிறேன். மளிகைக் கடையில் கிடைக்கும் வெனிலா எசென்ஸைத்தான் இதுவரை சேர்த்து வந்தேன். அது ரசாயனம், பிள்ளைகளுக்கு ஆகாது, அசல் எக்ஸ்ட்ராக்ட்தான் வாங்க வேண்டும் என்கிறார் என் நாத்தனார். அதன் விலையோ பல மடங்கு. அடுத்த மாதம் மகளின் பிறந்த நாள் கேக்குக்கு எதை வாங்குவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, எசென்ஸைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. வெனிலா காய்க்கு முதன்மையான மணத்தைத் தரும் வெனிலின் என்ற பொருளை 1874-இல் ஜெர்மானிய வேதியியலாளர்களான டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரச் சாற்றிலிருந்து கிடைத்த ஒரு பொருளைக் கொண்டு உருவாக்கினார்கள். காயில் இருப்பதும், ஆலையில் செய்து எசென்ஸில் சேர்ப்பதும் ஒரே மூலக்கூறுதான். சமையலில் சேர்க்கும் சில துளிகளால் பிள்ளைகளுக்குக் கெடுதல் வராது.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. எக்ஸ்ட்ராக்ட் என்பது பதப்படுத்திய காயை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கும் சாறு. வெனிலினோடு 200-க்கும் மேற்பட்ட நுண்ணிய மணப்பொருள்கள் அதில் இருப்பதால், மரவாசனையும் உலர்பழ வாசனையும் கலந்த ஓர் ஆழம் அதற்கு உண்டு. வெனிலா என்பது ஓர் ஆர்க்கிட் கொடி. அதன் பூ ஒரே நாளில் வாடிவிடும் என்பதால், மடகாஸ்கர் போன்ற இடங்களில் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். காய் முற்ற ஏறத்தாழ 9 மாதங்கள், அதன்பின் பதப்படுத்தச் சில மாதங்கள். இத்தனை பேர் உழைப்புக்கு அந்த விலை அதிகமில்லை என்பதே என் எண்ணம்.

அந்த ஆழம் உங்கள் நாவுக்கு எட்டுமா என்பதுதான் கேள்வி. ஓவனில் வேகும்போது நுண்ணிய மணங்களில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். பிஸ்கட்டிலும் சாக்லேட் கேக்கிலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். முட்டை வாடையை அடக்கத்தான் வெனிலா சேர்க்கிறீர்கள் என்றால் எசென்ஸே போதும். பால், முட்டை, சர்க்கரையில் செய்யும் கஸ்டர்ட், ஐஸ்கிரீம், வெண்ணெய் கிரீம் ஆகியவற்றில் எக்ஸ்ட்ராக்ட் தன் தரத்தைக் காட்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே ஊற்றுங்கள்.

ஆகவே மகளின் கேக் மாவுக்கு எசென்ஸையும், மேலே பூசும் கிரீமுக்கு எக்ஸ்ட்ராக்டின் சிறிய பாட்டிலையும் வாங்குங்கள். எசென்ஸ் சிலவற்றில் வீரியம் அதிகம். செய்முறையில் 1 தேக்கரண்டி எக்ஸ்ட்ராக்ட் என்றிருந்தால் அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள், கூடினால் கசக்கும். பாட்டிலின் முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்: செயற்கை மணமூட்டி என்றிருந்தால், விலை எவ்வளவானாலும் அது எசென்ஸ்தான்.

வீட்டில் ஆல்கஹால் சேர்க்கும் வழக்கம் இல்லையென்றால், ஒரு வெனிலா காயை நீளவாக்கில் கீறி, சர்க்கரை டப்பாவில் புதைத்து இரண்டு மூன்று வாரம் மூடி வையுங்கள். பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இன்றே வைத்தால் கிரீமுக்கு அந்தச் சர்க்கரையையே பொடித்துக்கொள்ளலாம்.