டிசம்பர் வந்தால் அப்பா பேசுவதில்லை: மனநல மருத்துவர் பதில்கள்

சுனாமி பற்றிச் சென்ற முறை எழுதியதும் நாகப்பட்டினம் பக்கமிருந்துதான் கடிதங்கள் அதிகம் வந்தன. அந்த ஒரு மாவட்டத்திலேயே ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ரேஷன் கார்டு, பட்டா, என் மார்க் ஷீட் எல்லாவற்றையும் பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துத்தான் அம்மா தூங்குகிறார். 2004இலிருந்து இப்படித்தான். இது வியாதியா?

பை இருக்கட்டும். 2018இல் கஜா புயல் வந்தபோது இப்படி ஒரு பை இல்லாமல் எத்தனை வீடுகளில் காகிதங்கள் போயின! தூக்கத்தைக் கவனியுங்கள். அலைச் சத்தம் கூடினால் எழுந்து உட்கார்ந்து பதறுகிறாரா? கடற்கரைப் பக்கமே போவதில்லையா? அப்படியென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். இருபது வருடம் கழித்தும் குணமாக்க முடியும். கடையில் வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம்.

வயநாடு சூரல்மலை நிலச்சரிவில் தப்பியவர்களை வட்டமாக உட்கார வைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்லலாமா? நான் தன்னார்வலர்.

வேண்டாம். தானாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. இழப்பீட்டு மனு எழுத அவர்களோடு போங்கள், அதுவும் மருந்துதான். அடுத்த வருடமும் போங்கள்.

அப்பா ஒழுங்காகத் தொழிலுக்குப் போகிறார். டிசம்பரில் மட்டும் குடி கூடிவிடும், பேச்சு நின்றுவிடும். சுனாமி நினைவு நாளில் கடலில் பால் ஊற்றவும் வரமாட்டார்.

சுனாமி வந்த காலை அவர் எங்கே இருந்தார்? ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு அலை போனதே தெரியவில்லை. கரை திரும்பியபோதுதான் ஊரே இல்லை என்று தெரிந்தது. ‘நான் கரையில் இருந்திருந்தால்’ என்ற எண்ணம் அவர்களில் பலரை இன்னும் விடவில்லை. அவரை ஊர்வலத்துக்கு இழுக்காதீர்கள். நவம்பரிலேயே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. தினமும் குடிப்பவராக இருந்தால் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம்.

நான் 2006இல் பிறந்தவள். சுனாமியில் இறந்த அக்காவின் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். நான் யார் என்றே சில நேரம் புரியவில்லை.

குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்த தாய்மார்களுக்கு அன்று மீண்டும் கருத்தரிக்க அரசே இலவசமாக மறு அறுவை சிகிச்சை செய்தது. பல வீடுகளில் மீண்டும் தொட்டில் ஆடியது. பெயரும் சிலரிடம் திரும்பி வந்தது. அதில் அன்பு இருக்கிறது. உங்கள் தோளில் ஒரு சுமையும் இருக்கிறது. இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். அம்மாவிடம் கோபமாக அல்ல, சாவகாசமாகக் கேளுங்கள்: அக்கா எதற்கு அடம் பிடிப்பாள், எந்தப் பாட்டுக்கு ஆடுவாள், பிறந்தநாள் எப்போது? அம்மா அழுவார், அழட்டும். அக்கா தனி ஆளாக உருவம் பெறும்போதுதான் நீங்களும் தனியாகத் தெரிவீர்கள். கூப்பிடும் பெயர் உறுத்தினால் வீட்டில் வேறு செல்லப்பெயர் கேட்டு வாங்குங்கள். கல்லூரி ஆலோசகரிடமும் நாலு முறையாவது பேசுங்கள். ஒரே முறையில் தீருகிற விஷயமில்லை இது.