வாசகர் கேள்வி – பதில்: புகை இல்லாவிட்டாலும் சீல் போயிருக்கலாம்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டியில் வசிக்கிறோம். கோல்ஃப் வண்டிகள் செல்வதற்கென்றே இங்கு நூறு மைலுக்கும் அதிகமான பாதைகள் உள்ளன. கடைக்குப் போவதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அந்த வண்டியில்தான். என்னிடம் இருப்பது 1986ஆம் ஆண்டின் யமஹா ஜி1, டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் வண்டி. சில மாதங்களாக, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் ஓடுகிறது. சமதரையில் ஒரே சீராக மிதித்தாலும் வேகம் ஏறி ஏறி இறங்குகிறது. கிளட்சைச் சுற்றிலும் எண்ணெய்ப் பசையோடு கறுப்புத் தூள் அப்பியிருக்கிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். ஊரில் அப்பாவின் பஜாஜ் சேத்தக்கில் ஆயில் சீல் போனபோது வெள்ளைப் புகை கிளம்பியது நினைவிருக்கிறது. இந்த வண்டியில் புகையே இல்லை. சீல்தான் காரணம் என்று கொள்ளலாமா? அப்படியானால் நானே மாற்றலாமா?

பதில்: கொள்ளலாம். புகை இல்லை என்பதை வைத்துச் சீல் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். கிராங்க் என்பது பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டு; அது இன்ஜினுக்கு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையமே சீல். சேத்தக்கில் கிராங்க்கின் ஒரு முனை கியர் ஆயில் நிற்கும் அறைக்குள் இருப்பதால், அந்தப் பக்கத்துச் சீல் கிழிந்தால் இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரித்து வெள்ளைப் புகையைக் கக்கும். உங்கள் வண்டியிலோ கிளட்ச் வறண்ட இடத்தில் பெல்ட்டோடு ஓடுகிறது. சீலுக்கு வெளியே இருப்பது காற்று மட்டுமே. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. கீழே இறங்கும்போது அதே அறை அழுத்தப்பட்டுக் கலவை சிலிண்டருக்கு ஏறுகிறது. சீலின் உதடு, அதாவது தண்டைத் தொட்டு நிற்கும் ரப்பர் விளிம்பு, தேய்ந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் கார்புரேட்டர் அறியாத காற்று உள்ளே நுழைந்து கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்து மெலிய வைக்கிறது. சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவதால் அதை இழுத்தால் வண்டி ஓடுவதும், வேகம் ஏறி இறங்குவதும் இதனால்தான். அழுத்தம் ஏறும் நேரத்தில் எண்ணெய் கலந்த ஆவி அதே வழியாக வெளியே பீய்ச்சி, பெல்ட் தூளோடு சேர்ந்து நீங்கள் பார்த்த கறுப்புப் பசையாகிறது.

சோக்கை இழுத்துக்கொண்டே இன்னும் சில வாரம் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மெலிந்த கலவை அதிக வெப்பத்தில் எரியும். சிறிய தொகையில் முடிய வேண்டிய வேலை, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போய்ப் பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும்.

கழற்றும் முன் சோதித்து உறுதி செய்யுங்கள். பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, கார்புரேட்டர் இருந்த வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்துத் தகட்டால் மூடி, பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் ஐந்து அல்லது ஆறு பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலே பிதுங்கிவிடும். சோப்பு நீரைக் கிராங்க் முனைகளில் பூசினால் எந்தப் பக்கம் நுரை கிளம்புகிறது என்று கண்ணாலேயே காணலாம். பிறகு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடச் சோதனையும் செய்யுங்கள். உள்ளிருந்து வரும் அழுத்தம் சீலின் உதட்டைத் தண்டோடு இன்னும் இறுக்கி அழுத்துவதால், அழுத்தச் சோதனையில் தேறிய சீல் உறிஞ்சும்போது தோற்பதுண்டு.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். இந்த வண்டிகளில் தனியாகச் சாவி திருகி ஸ்டார்ட் செய்வதில்லை. காலால் மிதித்தவுடனே இன்ஜின் சுழலத் தொடங்கும். நீங்கள் பெல்ட்டுக்குள் விரலை வைத்திருக்கும்போது ஒரு குழந்தை ஏறி விளையாட்டாக மிதித்தால் போதும்.

கிளட்ச் சரிவான கூம்பு முனையில் இறுகியிருக்கும். அதற்கென உள்ள புல்லர் போல்ட்டை (திருகி இறுக்கினால் கிளட்சை வெளியே தள்ளுவது) வாங்கிக் கழற்றுங்கள். நெம்புகோல் வைத்து நெம்பினால் அலுமினியத் தட்டு உடையும். சுத்தியலால் அடித்தால் கிராங்க் கோணும். மறுபக்கத்து ஃப்ளைவீலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு பக்கச் சீல் போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வயது இரண்டுக்கும் ஒன்றுதான்.

புதிய சீலைக் கையில் வாங்கிய பிறகே பழையதைத் தொடுங்கள். சீலின் வெளிவிளிம்பில் வளையம்போல் மேடு இருந்தால் அது கிராங்க் உறையின் பள்ளத்துக்குள் பொருந்துவது என்று பொருள். உறையைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது. மேடு இல்லையென்றால் வெளியிலிருந்தே எடுக்கலாம். பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வெர்னியரால் அளந்து குறித்துக்கொண்டு, அதன் உலோகத் தகட்டில் மட்டும் சிறு துளையிட்டு, ஒரு திருகாணியை ஏற்றிக் குறட்டால் இழுங்கள். துளை ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினாலும் பின்னாலிருக்கும் பேரிங் கெடும். இரும்புத் தூள் உள்ளே விழாமலிருக்கத் துளையிடும் அலகில் கிரீஸ் தடவிக்கொள்வது என் வழக்கம்.

சீலை எடுத்த பிறகு நகத்தால் கிராங்க் தண்டைக் குறுக்காக வருடிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால், பழைய உதடு முப்பது நாற்பது ஆண்டுகளாக உரசி அங்கே ஒரு பள்ளம் செதுக்கியிருக்கிறது. அதே இடத்தில் புதிய சீலின் உதடு அமர்ந்தால் ஒரு மாதத்தில் மீண்டும் கசியும். உறையில் இடமிருந்தால் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்கள். பேரிங்குக்கு எண்ணெய் போகும் துளையை மட்டும் அடைத்துவிடக் கூடாது. இடமில்லையென்றால் தண்டின்மேல் ஏற்றும் மெல்லிய உலோக உறை கிடைக்கிறது.

அடுத்து, தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நான் இதில் ஒரு முறை பாடம் கற்றேன். ஆட்டம் சிறிது இருந்ததைப் பொருட்படுத்தாமல் சீலை மட்டும் மாற்றிக் கொடுத்த வண்டி, மூன்றே மாதத்தில் அதே கசிவோடு திரும்பி வந்தது. பேரிங் தேய்ந்து கிராங்க் ஆடும்போது எந்தச் சீலின் உதடும் அதைத் தொடர்ந்து தழுவி நிற்காது. ஆட்டம் தெரிந்தால் இன்ஜினைப் பிரித்துப் பேரிங்கையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அங்கே பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதாலும், காற்றால் குளிரும் இன்ஜின் மிகுந்த சூடேறுவதாலும், அதே அளவில் வைட்டான் ரப்பரில் சீல் கிடைத்தால் வழக்கமான நைட்ரைல் ரப்பரை விட அதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஸ்பிரிங் உள்ள முகம் இன்ஜின் பக்கம் இருக்கட்டும். தண்டில் சாவித்துண்டு பொருந்தும் பள்ளத்தின் கூரிய விளிம்பு புதிய உதட்டைக் கீறிவிடாதபடி தண்டில் ஒரு சுற்று டேப் ஒட்டி, உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளிவட்டத்துக்குச் சரியான பிவிசி குழாய்த் துண்டை வைத்து, கோணாமல் மெதுவாகத் தட்டி இறக்குங்கள். டேப்பைப் பிரித்தெடுத்த பிறகு அழுத்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். காற்றுக் கசிவை ஈடுகட்ட யாராவது கார்புரேட்டரில் பெரிய ஜெட் (பெட்ரோல் வரும் சிறுதுளைத் திருகு) போட்டிருந்தால், பழைய அளவுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் இப்போது பிளக் கறுக்கும்.

கேள்வி: ஃப்ளோரிடாவில் இருக்கிறேன். என் கிளப் கார் டிஎஸ் 1996ஆம் ஆண்டு வண்டி. கவாசாகி எஃப்இ290 இன்ஜின். கிளட்ச் பக்கச் சீலை ஒரே ஆண்டில் இரண்டு முறை மாற்றியும் எண்ணெய் ஒழுகுகிறது. தரமான சீல் எது?

பதில்: சீலின் தரத்தைக் குறை கூற வேண்டாம். உங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். அது கொள்ளும் ஆயில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். காருக்கு ஊற்றுவதுபோல் ஊற்றிவிட்டால் கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி, இருப்பதிலேயே பலவீனமான இடமாகிய சீல் வழியாகத்தான் எண்ணெய் வழி தேடும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது எண்ணெயில் ஊறியிருந்தால், ஆயில் அதிகம் அல்லது கிராங்க் அறையின் அழுத்தத்தை வெளியேற்றும் ப்ரீதர் வால்வு கெட்டிருக்கிறது. ஆயிலை முழுதும் வடித்து, அளந்து ஊற்றி, வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளவுக்கோலில் பாருங்கள். ப்ரீதரைக் கழற்றி அதன் மெல்லிய தகடு சரியாக மூடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ப்ரீதர் குழாயில் காற்று விடாமல் பலமாக அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது சீலை அதற்குப் பிறகு வாங்குங்கள்.