சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பள்ளி நிர்வாகம்
பதில் அளிப்பவர்: குமரி மாவட்டத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

கேள்வி: குளச்சலுக்கு அருகில் கடலோர ஊர் ஒன்றிலுள்ள அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் கடந்த ஜூன் மாதம் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றேன். பள்ளிக்கான தொலைநோக்கு அறிக்கை ஒன்றை அரையாண்டுத் தேர்வுக்குள் எழுதித் தரும்படி தாளாளர் கேட்டிருக்கிறார். எனக்கு முன்பிருந்தவர் எழுதியது நுழைவாயில் சுவரில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆசிரியர்களிடம் கேட்டபோது ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நானும் அப்படி ஒன்றை எழுதிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். எங்கிருந்து தொடங்குவது? எழுதியதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது?
– ஒரு தலைமையாசிரியை, கல்குளம் வட்டம்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. நல்ல தமிழ் தெரிந்த எவரும் இத்தகைய அறிக்கையை ஓர் இரவில் எழுதிவிடலாம். அப்படி எழுதப்பட்டவைதான் சுவரோடு நின்றுவிடுகின்றன. ஆகவே எழுதுவதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அலுவலக அலமாரியிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் அனைவரின் பெயர்களையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளை இன்று எங்கே என்று குறியுங்கள்: பத்தாம் வகுப்பில் தேறியவர், தேறாதவர், இடையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றவர், சான்றிதழும் வாங்காமல் நின்றுவிட்டவர். இந்த வேலையை அலுவலக உதவியாளரிடம் ஒப்படைக்காதீர்கள். கடைசி இரு வகையினரைப் பற்றி வகுப்பாசிரியர்களிடம் கேளுங்கள்; அவர்களுக்குத் தெரியாவிட்டால் ஊருக்குள் சென்று விசாரியுங்கள்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. எத்தகைய சொற்களால் எழுதப்பட்டிருந்தாலும், பல பள்ளிகளின் தொலைநோக்கு உள்ளுக்குள் ஒன்றே ஒன்றுதான்: பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. அந்தச் சதவீதம் தேர்வு எழுதியவர்களை மட்டுமே எண்ணுகிறது. ஒன்பதாம் வகுப்பின் முடிவில் "வேறு பள்ளியில் சேர்த்துப் பாருங்களேன்" என்று பெற்றோரிடம் பதமாகச் சொல்லி அனுப்பிவிட்ட பிள்ளைக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. நான் உதவித் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், அவ்வாறு மூன்று மாணவர்களுக்குச் சான்றிதழ் எழுதியது என் கைதான். மறு ஆண்டு பள்ளிக்கு நூறு சதவீதம் கிடைத்தது. பாராட்டுக் கூட்டமும் நடந்தது. சில மாதங்கள் கழித்து, அந்த மூவரில் ஒருவன் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்து வந்ததைக் கண்டேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "சார், சுகமா இருக்கீங்களா?" என்று அவன்தான் முதலில் கேட்டான். என்னால் அன்று விடை சொல்ல முடியவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம், குமரி மாவட்டத்தின் எழுத்தறிவோ 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். இந்தப் பெருமை நமக்குக் கிடைத்த நல்ல சொத்து என்றாலும், பள்ளியின் உள்ளே நிற்கும் தலைமையாசிரியருக்கு அது ஒரு திரையாகவும் ஆகிவிடக்கூடும். மாவட்டம் முழுவதும் படித்திருக்கிறது என்ற எண்ணம் மேலோங்கிய இடத்தில், ஏழாம் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து, பாடநூலின் ஒரு பத்தியைக்கூடத் தடுமாறாமல் படிக்க இயலாத பிள்ளை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

பெயர்ப் பட்டியல் முடிந்ததும், உங்கள் பள்ளி யாரை, எந்த வகுப்பில், எதனால் இழக்கிறது என்பது தெளிவாகும். தந்தை ஆழ்கடலுக்குச் சென்று வாரக்கணக்கில் திரும்பாத வீடுகளின் பையன்களா? எட்டாம் வகுப்புக்குப் பிறகு தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும் பெண்பிள்ளைகளா? ஆறாம் வகுப்புக்கு வரும்போதே வாசிக்கத் தெரியாமல் வந்து, மூன்றாண்டுகள் அதை மறைத்து மறைத்துச் சோர்ந்து போனவர்களா? தொலைநோக்கு என்பது இந்தக் கேள்விக்கு நீங்கள் தரும் விடை. எடுத்துக்காட்டாக, "இங்கே ஆறாம் வகுப்பில் சேரும் எந்தப் பிள்ளையும் பத்தாம் வகுப்பை முடிக்காமல் வெளியேறுவதில்லை; எட்டாம் வகுப்பை முடிப்பதற்குள் ஒவ்வொருவரும் தமிழ்ப் பாடநூலைத் தாமே படித்துப் பொருள் சொல்வர்" என்று இரண்டு வரிகளில் எழுதலாம். என் வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நோட்டு வேறு ஒன்றைச் சொல்லக்கூடும். ஆண்டின் இறுதியில் 'நடந்ததா, இல்லையா' என்று ஒரு பெற்றோர் கேட்டால் விடை சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை. 'ஒழுக்கமும் ஆளுமையும் மிக்க குடிமக்களை உருவாக்குதல்' என்பதற்கு எதிராக எவரும் எதையும் சொல்ல மாட்டார்கள். அதனாலேயே அது எவரையும் எதையும் செய்ய வைப்பதில்லை.

நடைமுறைக்கு வருவோம். எந்த நோக்கமும் பள்ளிக்குள் நுழையும் வாயில் கால அட்டவணைதான். வாசிப்புக்கு நாள்தோறும் ஒரு பாடவேளை வேண்டுமென்றால் அது யாருடைய பாடவேளையிலிருந்து வரும் என்பதை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். விளையாட்டு வேளையிலிருந்து எடுப்பது எளிது, ஆனால் தவறு. பின்தங்கிய பிள்ளை பள்ளிக்கு வருவதே அந்த ஒரு வேளைக்காக இருக்கலாம். பத்தாம் வகுப்புக்கு ஆசிரியர்கள் தரும் கூடுதல் நேரத்தில் ஒரு பங்கை ஆறாம் வகுப்புக்குத் திருப்பும்படி நான் சொல்வேன். எதிர்ப்பு வரும். "ரிசல்ட் குறைந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பார்கள். "நான்" என்று அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். தாளாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். எதையும் விட்டுக்கொடுக்காமல் எல்லாவற்றையும் செய்வதாகச் சொல்லும் தொலைநோக்கை ஆசிரியர்கள் நம்புவதில்லை. அவர்கள் நம்பாததில் தவறும் இல்லை.

இன்னொன்று, மிகவும் வாசிக்கத் தடுமாறும் குழுவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பள்ளித் தலைவர்கள் செய்யும் பலவகைப் பணிகளை ஒப்பிட்டு, ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்கும் பணியே மாணவர்களின் கற்றலில் மிகுந்த விளைவை உண்டாக்குகிறது என்று கண்டது. பங்கேற்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அலுவலகத்தில் அமர்ந்திருப்பதை அது குறிக்கவில்லை. நம் ஆசிரியர் கூட்டங்களில் பெரும்பகுதி நேரம் சுற்றறிக்கைகளை வாசிப்பதிலும் கல்வித் துறையின் 'எமிஸ்' இணையத் தகவல் தளப் பதிவேற்றம் பற்றி நினைவூட்டுவதிலும் கழிந்துவிடுகிறது. சுற்றறிக்கையைப் பலகையில் ஒட்டிவிட்டு, கூட்டத்துக்கு நான்கு பிள்ளைகளின் நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் குழுவின் பிள்ளையின் நோட்டை முதலில் நீங்கள் விரித்து வையுங்கள். "இந்தப் பிள்ளைக்கு எனக்கு வழி தெரியவில்லை" என்று தலைமையாசிரியை சொல்லக் கேட்ட பிறகுதான், இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியரும் தம் வகுப்பின் குறையை வாய்விட்டுச் சொல்வார்.

நோக்கத்துக்கு வழி ஊரிலேயே கிடைக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பழைய சான்று இருக்கிறது. 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கான தங்கிப் படிக்கும் பள்ளியை நடத்திய மார்த்தா மால்ட் அம்மையார், மாணவிகளுக்கு ரேந்தை (லேஸ்) பின்னும் கலையைக் கற்றுக்கொடுத்தார். பெண்ணைப் படிக்க வைப்பதால் என்ன பயன் என்று கேட்ட காலம் அது. பின்னலால் வந்த வருவாய் அந்தக் கேள்விக்கு ஒரு விடையாக அமைந்தது. உங்கள் ஊரில் அந்த இடத்தில் எது நிற்கும் என்று தேடுங்கள்.

கேள்வி: உதவிபெறும் பள்ளி ஒன்றின் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். தொலைநோக்கு, மேம்பாட்டுத் திட்டம் என்று கூட்டத்தில் பேசுகிறார்கள். பிறகு கையெழுத்துக் கேட்கிறார்கள். இதில் எங்களுக்கு உண்மையில் என்ன இடம்?
– ஒரு தாய், விளவங்கோடு வட்டம்

பதில்: சட்டத்தின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அரசுப் பள்ளியில் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் அக்குழுவின் பணி. ஆனால் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், சிறுபான்மையினர் பள்ளிகளிலும் பிற உதவிபெறும் பள்ளிகளிலும் குழுவுக்கு ஆலோசனை கூறும் பணி மட்டுமே உண்டு என்று ஆக்கிவிட்டது. அதற்காக மனம் தளர வேண்டாம். ஆலோசனை கூறுபவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. "போன ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், இன்று பத்தாம் வகுப்பில் எத்தனை பேர்?" என்று கூட்டத்தில் கேட்டு, அந்தக் கேள்வியும் விடையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்பட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் ஊரின் வேலை நேரத்தைப் பார்த்து வையுங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை; ஆழ்கடல் செல்லும் தந்தையர் ஊரில் இருக்கும் காலம் அதுதான். குலசேகரம் பக்கத்தில் விடியும் முன்பே ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களுக்கு முற்பகல் பத்து மணிக் கூட்டம் பயன்படாது. பாலெடுத்து முடித்து அவர்கள் வீடு திரும்பும் பிற்பகலில்தான் அழைக்க வேண்டும். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று நாம் எழுதிவைத்த இடங்களில் பலவும், நாம் கடிகாரத்தைத் தவறாக வைத்த இடங்களே.

கேள்வி: அரசுப் பள்ளித் தலைமையாசிரியராகிய எனக்கு ஓய்வு பெற ஓர் ஆண்டே இருக்கிறது. இனித் தொலைநோக்கு, திட்டம் என்று தொடங்குவதில் பொருள் உண்டா? அடுத்து வருபவர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவாரே?
– ஒரு தலைமையாசிரியர், தோவாளை வட்டம்

பதில்: மாற்றுவார், மாற்றட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை மூன்று ஓராண்டுப் பகுதிகள் கொண்ட மூன்றாண்டுத் திட்டமாகத்தான் வகுத்திருக்கின்றன. ஆகவே நீங்கள் முதல் ஆண்டை மட்டும் செய்துவிட்டுப் போவதில் குறையில்லை. புதிதாகப் பத்து வேலைகளைத் தொடங்காதீர்கள். இந்த ஆண்டு சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களை மேலே சொன்னவாறு ஒரு நோட்டில் எழுதி, யாருக்கு வாசிக்க வரவில்லை, எந்த வீட்டில் யாரிடம் பேசினால் பேச்சு எடுபடும், எந்தப் பிள்ளை எந்த ஆசிரியரிடம் மனம் திறக்கும் என்பனவற்றைக் குறித்து வையுங்கள். எமிஸ் தளத்தில் பிள்ளையின் வருகையும் மதிப்பெண்ணும் இருக்கும், இவை இருப்பதில்லை. உங்களுக்குப் பின்னும் அங்கேயே பணியில் இருக்கப்போகும் ஆசிரியர்கள் இருவரை இந்த வேலையில் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில், சாவிக் கொத்தோடும் இருப்புப் பதிவேட்டோடும் அந்த நோட்டையும் மேசைமேல் வைத்து, புதியவரை அந்த இருவருடனும் உட்கார வைத்து, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை நீங்களே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.