மோட்டார் ஓடுகிறதா? புரோலாக்கிடம் கேட்பது எப்படி

கேள்வி: வீட்டு மோட்டாரைக் கண்காணிக்க, தர்க்க விதிகளால் நிரல் எழுதும் மொழியான புரோலாக்கில் எழுதுகிறேன். மோட்டார் போட்டால் வால்வு அப்படியே இருக்கும், விளக்கு அப்படியே இருக்கும் என்று மாறாத ஒவ்வொன்றுக்கும் விதி எழுதி மாளவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. இது பழைய தலைவலி. 1969இலேயே செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் ஜான் மெக்கார்த்தியும் பேட்ரிக் ஹேய்ஸும் இதற்கு ‘ஃபிரேம் பிராப்ளம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். பத்துச் செயல், இருபது நிலை என்றால் ‘மாறாது’ விதிகளே இருநூறை நெருங்கும்.

அவை அத்தனையையும் அழித்துவிடுங்கள். ராபர்ட் கோவால்ஸ்கியும் மாரெக் செர்காட்டும் 1986இல் கொடுத்த ஈவென்ட் கால்குலஸின் (நடந்த நிகழ்ச்சிகளிலிருந்து இப்போதைய நிலையைக் கண்டுபிடிக்கும் முறை) எளிய வடிவமே உங்களுக்குப் போதும். எது எதைத் தொடங்கும், எது எதை முடிக்கும் என்று மட்டும் சொன்னால், மிச்சத்தை இரண்டு விதிகள் பார்த்துக்கொள்ளும்:

உண்மை(_நிலை, _நே) :-
  நடந்தது(_செ, _மு), _மு < _நே,
  தொடங்கும்(_செ, _நிலை),
  \+ அறுந்தது(_மு, _நிலை, _நே).

அறுந்தது(_மு, _நிலை, _நே) :-
  நடந்தது(_செ, _இ), _மு < _இ, _இ < _நே,
  முடிக்கும்(_செ, _நிலை).

(_செ என்பது செயல், _மு அது நடந்த நேரம், _இ இடையில் வந்த நேரம், _நே நாம் கேட்கும் நேரம். புரோலாக்கின் ஒரு பதிப்பான எஸ்டபிள்யூஐ புரோலாக் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். மாறியின் பெயர் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். நமக்குத்தான் பெரிய எழுத்து கிடையாதே, அதனால் மாறிகளுக்கு முன்னால் அடிக்கோடு.)

அப்புறம் உங்கள் வீட்டுக் கதை (600 என்றால் 6:00 மணி):

தொடங்கும்(ஸ்விட்ச், ஓட்டம்).
முடிக்கும்(மின்தடை, ஓட்டம்).
நடந்தது(ஸ்விட்ச், 600).
நடந்தது(மின்தடை, 620).
நடந்தது(மின்வரவு, 635).

உண்மை(ஓட்டம், 615) என்று கேட்டால் ஆம் என்கிறது. 640 என்றால் இல்லை. கரன்ட் 6:35க்கே வந்துவிட்டது, ஆனாலும் ஸ்டார்ட்டர் விழுந்துவிட்டால் யாராவது போய் மறுபடி அமுக்க வேண்டுமே! மின்வரவு ஓட்டத்தைத் தொடங்கும் என்று நாம் எங்கும் எழுதவில்லை, அதனால் நிரலும் அப்படி நினைப்பதில்லை. வால்வைப் பற்றி ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா?

வேலையெல்லாம் அந்த \+ குறியில்தான் இருக்கிறது. நிரூபிக்க முடியாததை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும் முறை அது. அதைக் கடைசி வரியிலேயே விடுங்கள். ‘நடந்தது’ வரிக்கும் மேலே ஏற்றினால் _மு-வுக்கு இன்னும் மதிப்பு கிடைத்திருக்காது, ஒப்பிடும் இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். இன்னொன்று, பதிவாகாத நிகழ்ச்சி நடக்கவே இல்லை என்றுதான் இந்த முறை நம்பும். சென்சார் மின்தடையைத் தவறவிட்டால், நின்றுபோன மோட்டாரை ஓடுகிறது என்று அடித்துச் சொல்லும்.

தொட்டியில் தண்ணீர் ஏறும் மட்டத்தை இதில் கணக்கிடப் பார்க்காதீர்கள். தொடர்ந்து மாறுவதற்கு ஆய்வாளர் முர்ரே ஷனஹான் 1990இல் தனி விரிவாக்கம் தந்திருக்கிறார். வீட்டு மோட்டாருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மிதவை ஸ்விட்ச் தட்டுவதை ‘தொட்டி நிரம்பியது’ என்று ஒரு நிகழ்ச்சியாகச் சேர்த்து, அது ஓட்டத்தை முடிக்கும் என்று எழுதிவிடுங்கள்.